புது டிரைவர் வேண்டாம் சார், முதலில் காலைப் பாருங்கள்

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61. வங்கி வேலையில் ஓய்வு பெற்று, கோவையை விட்டு மலையேறி ஒரு வருடம் ஆகிறது. கோவையில் நான்கு வருடம் கோல்ஃப் ஆடியவர். அங்கே ஏழாம் நம்பர் அயர்ன் என்கிற இரும்பு மட்டையில் அடித்தால் 130 கஜம், கூடக் குறைய எப்போதும் அதே தூரம்தான். இங்கே வந்த பிறகு கணக்குக் குழம்பிவிட்டது என்கிறார். "ஒரு நாள் 140 போகிறது, மறுநாள் 115-இலேயே விழுந்துவிடுகிறது. பாதிப் பந்து இடப்பக்கப் புதருக்குள், மீதி வலப்பக்கப் பள்ளத்தில். ஒரு ரவுண்டுக்கு ஆறேழு பந்து தொலைகிறது. மட்டை பழசாகிவிட்டது என்கிறார் கடைக்காரர். 9 டிகிரி லாஃப்ட் (மட்டை முகத்தின் சாய்வு), ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு) போட்ட ஒரு புது டிரைவரை, தூரம் அடிக்கிற அந்தப் பெரிய மட்டையை, காட்டினார். 48,000 ரூபாய். வாங்கலாமா?"

வேண்டாம் சார். அந்த டிரைவர் ஏன் உங்களுக்கு ஆகாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பந்து இரண்டு பக்கமும் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டை பொருந்தாமல் போனால் பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் போகும். இன்று இடம், நாளை வலம் என்றால், ஒவ்வொரு அடிக்கும் மாறிக்கொண்டே இருப்பது எது என்று பார்க்க வேண்டும். மட்டை மாறவில்லை. நீங்கள் நிற்கிற தரைதான் மாறுகிறது.

நான் ஊட்டியில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்குகிறவனாக, தொடங்கியவன். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டாலே ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை சின்ன வயசுல கேடியா இருந்தாரு" என்று சித்தப்பா பெருமையாகச் சொல்லிவிட்டார். அதை விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. பை தூக்கிய அந்த வருடங்களில் நான் கவனித்தது ஒன்றுதான். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் டீயிலிருந்து (பந்தை ஏற்றி வைக்கிற சின்ன முளை) அடிக்கும் முதல் அடியைப் பிரமாதமாக அடிப்பார்கள். ஏனென்றால் டீ வைக்கிற இடம் சமமாக இருக்கும். இரண்டாவது அடியில்தான் மலை தன் வேலையைக் காட்டும்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிகிற விஷயம். ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர், கோவை 400 சொச்சம். உயரம் ஏற ஏறக் காற்று லேசாகிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் காற்று குறைந்தால் பந்து கூடுதலாகப் பறக்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்பது ஆட்டக்காரர்களின் தோராயக் கணக்கு. கோவைக்கும் ஊட்டிக்கும் ஆறாயிரம் அடி வித்தியாசம் என்றால், உங்கள் 130 கஜம் இங்கே 138 ஆக வேண்டும். நல்ல வெயில் நாளில் நீங்கள் பார்த்த 140 அதுதான்.

அப்படியானால் அந்த 115 எங்கிருந்து வந்தது? காலை ஏழு மணிக்கு ஆடியிருப்பீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. உயரம் கொடுத்ததில் ஒரு பகுதியைக் குளிர் திருப்பி வாங்கிக்கொள்ளும். குளிரில் பந்தின் உட்பகுதியும் இறுகி, மட்டையிலிருந்து துள்ளிப் போகும் வேகம் குறையும். ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஆடினால் தோள் முழுதாகத் திரும்பாது. தரையில் பனி ஈரம் இருப்பதால் விழுந்த பந்து உருளாமல் அங்கேயே நிற்கும். இத்தனைக்கும் மேல், இலக்கு மேட்டில் இருந்தால் தூரம் இன்னும் குறையும். ஒரு கஜம் ஏற்றத்துக்கு ஒரு கஜம் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு கஜம் இறக்கத்துக்கு ஒரு கஜம் கழித்துக்கொள்ளுங்கள். தோராயம்தான், ஆனால் கைகொடுக்கும். 30 அடி மேலே இருக்கும் கிரீனுக்கு (குழி இருக்கிற, ஒட்ட வெட்டிய புல்தரைக்கு), 130 கஜத்தை 140 ஆக நினைத்து அடிக்க வேண்டும்.

ஆகவே கோவைக் கணக்கை மறந்துவிடுங்கள். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று வையுங்கள். எந்த நம்பர் மட்டை, காலையா மதியமா, எவ்வளவு தூரம் பறந்தது, இது போதும். உருண்ட தூரத்தைச் சேர்க்காதீர்கள். பத்து ரவுண்டு எழுதினால், குளிருக்கு ஒரு கணக்கு, வெயிலுக்கு ஒரு கணக்கு என்று உங்களுக்கே இரண்டு பட்டியல் கிடைத்துவிடும். பந்துகளையும் இரவு முழுக்கக் கார் டிக்கியில் விடாதீர்கள், வீட்டுக்குள் வையுங்கள். அதற்காகக் குமுட்டி அடுப்பில் காட்டிச் சூடாக்கி எடுத்துப் போக வேண்டாம். வேண்டுமென்றே சூடாக்கிய பந்தை அடிப்பது விதிப்படி தவறு.

இனி கால். உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்காமாரைக் கவனித்திருப்பீர்கள். நாள் முழுக்கச் சரிவிலேயே நிற்கிறார்கள். சரிவை எதிர்த்து விறைப்பாக நிற்பதில்லை. மேட்டுப் பக்கத்துக் கால் லேசாக மடங்கியிருக்கும், பள்ளத்துப் பக்கத்துக் கால் தாங்கும், உடம்பு சரிவோடு ஒத்துப்போகும். நீங்களும் நானும் சமதரையில் பழகியவர்கள், சரிவில் நின்றாலும் சமதரையில் நிற்பதுபோல் நிமிரப் பார்ப்போம். அதில்தான் பந்துக்கு முன்னால் மண்ணில் குத்துகிறோம், அல்லது பந்தின் தலையில் தட்டுகிறோம்.

வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பந்து உங்கள் பாதத்தைவிட மேட்டில் இருந்தால் அது இடப்பக்கம் போகும். ஷாஃப்ட் படுத்துக்கொள்வதால் மட்டையின் சாய்ந்த முகம் இடப்பக்கம் பார்க்கத் தொடங்குகிறது, அதுதான் காரணம். லாஃப்ட் கூடக்கூட இந்தத் திரும்பல் கூடும். வெட்ஜ் என்கிற, முகம் நன்றாகச் சாய்ந்த குட்டை மட்டையில் அதிகம், ஐந்தாம் நம்பரில் குறைவு. கிரிப்பை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள், கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்கள், இலக்குக்கு வலப்பக்கம் குறி வையுங்கள். மட்டை குட்டையாவதால் தூரம் குறையும், ஒரு நம்பர் பெரிய மட்டையாக, ஏழுக்குப் பதில் ஆறாக, எடுத்துக்கொள்ளலாம் (நம்பர் குறையக் குறைய மட்டை நீளும், தூரம் கூடும்).

பந்து பாதத்தைவிடப் பள்ளத்தில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வலப்பக்கம் போகும், பாதி நேரம் தலையில் தட்டும். கால்களை அகட்டி, இடுப்பிலிருந்து கூடுதலாகக் குனிந்து, முழங்காலை மடக்கி, அடித்து முடியும்வரை அதே உயரத்தில் இருக்க வேண்டும். எழுந்தால் கதை முடிந்தது. குறியைச் சற்று இடப்பக்கம் வையுங்கள். உங்கள் "வலப்பக்கப் பள்ளத்து" பந்துகளில் பெரும்பாலானவை இப்படிப் போனவையாகத்தான் இருக்கும்.

ஏற்றத்தைப் பார்த்து அடிக்கும்போது தோள்பட்டைகளைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பந்து உயரமாக எழும்பி, தூரம் குறைந்து, கொஞ்சம் இடப்பக்கம் சாயும். பெரிய மட்டை வேண்டும். இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. எடை இடது காலில் இருக்கட்டும், பந்தை மேட்டுக் கால் பக்கம் சற்றே தள்ளி வையுங்கள், மட்டை சரிவோடு சேர்ந்து கீழே இறங்கிப் போகட்டும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், தூக்குவது மட்டையின் லாஃப்ட் செய்கிற வேலை. இறக்கத்தில் ஏழாம் நம்பர், ஆறாம் நம்பர் போலத் தாழ்வாக ஓடும். அதனால் எட்டு அல்லது ஒன்பது எடுங்கள். ஃபேர்வே வுட்டை (தரையிலிருந்து தூரம் அடிக்கிற, தலை பருத்த மட்டையை) இறக்கத்தில் எடுக்கவே வேண்டாம்.

இத்தனையும் களத்தில் நினைவில் நிற்குமா என்றால் நிற்காது. எனக்கே நிற்காது. அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பந்துக்குப் பக்கத்தில், அதே சரிவில், பந்தில்லாமல் இரண்டு முறை வீசிப் பாருங்கள். மட்டை புல்லை எங்கே உரசுகிறது என்று பாருங்கள். பந்து அந்த இடத்துக்கு நேராக வரும்படி நின்றுகொள்ளுங்கள். சரிவு எந்தப் பக்கமானாலும், எந்த விதி மறந்தாலும், புல் பொய் சொல்லாது. அப்புறம் ஒரு கண்டிப்பு: சரிவில் முழு ஸ்விங் கிடையாது. கை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். முழு வேகத்தில் சுழன்றால் 61 வயதில் நிலைதடுமாறும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். முக்கால் ஸ்விங்கில் பத்துக் கஜம் குறைந்தால் குறையட்டும், பந்து கண்ணெதிரே இருக்கும்.

இதைப் பழக மைதானத்துக்குப் போகக்கூட வேண்டாம். குன்னூரில் வீடு என்றால் வாசலிலேயே சரிவு இருக்கும். தினமும் பத்து நிமிடம், நாலு திசையும் பார்த்து நின்று, ஒன்பதாம் நம்பரால் புல்லை உரசிப் பழகுங்கள். பந்தே வேண்டாம். பக்கத்து வீட்டுக் கண்ணாடியும் பிழைக்கும்.

இப்போது அந்த டிரைவருக்கு வருவோம். ஏழாம் நம்பரில் 130 கஜம் அடிப்பவரின் டிரைவர் வேகம் மணிக்கு 80 மைல் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். ஸ்டிஃப் ஷாஃப்ட் 95 மைலுக்கு மேல் வீசுகிறவர்களுக்கானது. வேகம் போதாதவர் கையில் அது விறகுக்கட்டை மாதிரி. முகம் சரியான நேரத்துக்கு மூடாமல் பந்து வலப்பக்கம் வளையும். 9 டிகிரி லாஃப்டும் அப்படித்தான். பந்து மேலே நிற்பது காற்றின் தயவில், அதன் பின்சுழற்சி காற்றைக் கீழே தள்ளித்தான் பந்தைத் தூக்குகிறது. மலையில் காற்று லேசு, தூக்கும் விசையும் குறைவு. மெதுவாக வீசுகிறவர் தாழ்வாக அடித்தால் பந்து சீக்கிரமே தரைக்கு வந்துவிடும். இங்கே உங்களுக்கு 11, 12 டிகிரிதான் தோது, ரெகுலர் அல்லது சீனியர் ஷாஃப்ட். உங்கள் பழைய டிரைவரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 10.5-க்கு மேல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். நானும் இளம் வயதில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு ஸ்டிஃப் டிரைவர் வாங்கினேன். இப்போது மாடியில் தோட்டத்துக் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

செலவு செய்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், முதலில் ஷூ. ஈரப் புல்லில், சரிவில், ஆணி தேய்ந்த ஷூவோடு நிற்பவருக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது. உள்ளே தண்ணீர் இறங்காத, அடியில் மாற்றக்கூடிய மென்மையான ஆணி உள்ள ஷூ வாங்குங்கள். ஆணி வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டிய பொருள், பலர் ஷூ கிழியும்வரை மாற்றுவதில்லை. அடுத்து கிரிப். ரப்பர் இறுகி வழவழவென்று ஆகியிருந்தால் குளிரில் கை மட்டையை இறுக்கிப் பிடிக்கும், இறுகிய கை ஸ்விங்கைக் கெடுக்கும். இன்னும் தேயாத கிரிப் என்றால், பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துத் துடைத்தாலே பாதி உயிர் திரும்பும். தோல் கையுறை நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பூத்துவிடும். பைக்குள் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப் போடுங்கள். மழைக்காலத்துக்கு இரண்டு கைக்கும் போடுகிற மழைக் கையுறை தனியாகக் கிடைக்கிறது. நனைந்தால்தான் அது நன்றாகப் பிடிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டிப் பக்கம், அக்டோபர், நவம்பரில் குன்னூர்ப் பக்கம் ஆடுகிறவருக்கு அது வீண் செலவு அல்ல.

மூன்றாவதாக ஒரு ஹைப்ரிட், அயர்னும் வுட்டும் கலந்த மட்டை. மூன்று, நான்கு, ஐந்தாம் நம்பர் அயர்ன்களை எடுத்து வீட்டில் வையுங்கள். 14 மட்டைக்கு மேல் கூடாது என்பதுதான் விதி, 14 இருந்தே ஆக வேண்டும் என்பது அல்ல. ஒரு டிரைவர், ஒரு ஐந்தாம் நம்பர் வுட், ஒரு ஹைப்ரிட், ஆறு முதல் ஒன்பது வரை அயர்ன், பிட்சிங் வெட்ஜ், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், கிரீனில் பந்தை உருட்டுகிற பட்டர். மொத்தம் பத்து. ஏற்றத்தில் நடக்கும்போது பையின் எடை மூச்சில் தெரியும். பதினைந்தாவது ஹோலில் அதன் அருமை புரியும். ஷூ, கிரிப், ஹைப்ரிட் மூன்றும் சேர்த்து, ஹைப்ரிட்டைப் பழசாக வாங்கினால், அந்த 48,000-இல் பாதிக்குள் முடிந்துவிடும்.

ஹைப்ரிட் ஏன் என்றால், கிக்குயூ புல். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மலை முழுக்கப் பரவிவிட்ட, தடித்த கொடி ஓடுகிற அந்தப் பச்சைப் புல்லைத் தினமும் மிதித்துக்கொண்டுதான் நடக்கிறீர்கள். அதில் விழுந்த பந்து உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். நீளமான அயர்னைப் போட்டால் புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் திருப்பிவிடும். உங்கள் "இடப்பக்கப் புதர்" பந்துகளில் சில இந்தப் புல்லின் உபயம். ஆழமாக உட்கார்ந்த பந்துக்கு ஹைப்ரிட்கூட வேண்டாம். ஒன்பதாம் நம்பர் எடுத்து, இடது கையை இறுக்கிப் பிடித்து, மேலிருந்து இறக்கி வெளியே எடுத்தால் போதும். கிரீன் ஓரத்திலும் கவனம் தேவை. கோவைப் பழக்கத்தில் பந்தைத் தரையோடு உருட்டிவிடப் பார்ப்பீர்கள், இந்தப் புல் பாதியிலேயே பிடித்து நிறுத்திவிடும். வெட்ஜால் சின்னதாகத் தூக்கி, கிரீனிலேயே முதல் துள்ளல் விழும்படி போடுங்கள். சாண்ட் வெட்ஜின் அடிப்பாகம் சற்றே புடைத்ததாக, 10 முதல் 12 டிகிரி பவுன்ஸ் உள்ளதாக இருந்தால் ஈர மண்ணில் புதையாமல் வழுக்கிப் போகும்.

ஊட்டி மைதானத்தில் கிக்குயூவோடு கார்ஸ் என்கிற முட்புதரும் உண்டு. மஞ்சள் பூ பூத்துப் பார்க்க அழகாக இருக்கும். வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டுப்போன சீதனம். அதற்குள் போன பந்தைக் கையை விட்டுத் தேடாதீர்கள். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான், 2019 முதல் அதுதான் விதி. கிடைத்தாலும் அடிக்க முடியாது என்று அறிவித்து, ஓர் அடி தண்டனையோடு, குழியை நெருங்காமல் இரண்டு மட்டை நீளத்துக்குள் வெளியே போட்டுக்கொள்ளலாம். வீரம் காட்டி உள்ளிருந்து அடித்தவர்கள் நாலைந்து அடி இழந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். பந்தையும் விலை உயர்ந்ததாக வாங்க வேண்டாம். இரண்டு அடுக்கு உள்ள, மென்மையான சாதாரணப் பந்து உங்கள் வேகத்துக்குப் போதும். மஞ்சள் நிறமாக இருக்கட்டும், மூடுபனியில் வெள்ளைப் பந்தைக் கண் தேடிக்கொண்டே இருக்கும்.

பட்டிங்குக்கு ஒரே ஒரு விஷயம். மலையில் கண் ஏமாற்றும். சுற்றிலும் எல்லாம் சாய்ந்திருப்பதால் இறக்கம் ஏற்றமாகத் தெரியும். எனக்குப் பெரிய கேடி ஒருவர் சொல்லிக் கொடுத்தது: "கிரீன்ல ஒரு குடம் தண்ணி ஊத்துனா எங்க ஓடும்னு பாரு, பந்தும் அங்கதான் ஓடும்." கிரீனுக்கு நடந்து வரும்போதே, ஐம்பது கஜத்துக்கு முன்னாலிருந்தே பாருங்கள். மேலே ஏறி நின்ற பிறகு பார்த்தால் தெரியாது.

எப்போதாவது கொடைக்கானலுக்குப் போனால் தூண் பாறை போகும் வழியில் இருக்கிற, 1895-இல் தொடங்கிய மைதானத்திலும் ஆடிப் பாருங்கள். உயரம் ஊட்டிக்குச் சற்றுக் குறைவு, அதனால் உங்கள் நோட்டுக் கணக்கு ஏறக்குறைய அப்படியே செல்லும். அங்கே காட்டெருமைகள் ஃபேர்வேயில் (கிரீனுக்குப் போகும் வழிப் புல்வெளியில்) மேயும். பந்துக்குப் பக்கத்தில் நின்றால் விரட்டப் போக வேண்டாம். ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனையில்லாமல் தள்ளிப் போட்டு அடிக்க விதி இடம் தருகிறது. அது உங்கள் பந்தை உதைத்துத் தள்ளினால் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். சாணத்தை எடுத்துப் போடலாம், அது உதிரிப் பொருள் கணக்கு. கிரீனில் குளம்புத் தடம் இருந்தால் சரிசெய்யலாம். ஃபேர்வேயில் அந்தத் தடத்துக்குள் பந்து விழுந்தால் மட்டும், அந்த மைதானம் தனியாகச் சலுகை தராதவரை, கிடந்தபடியே அடிக்க வேண்டும்.

மூன்று மாதம் அந்தப் பத்து மட்டையோடு ஆடி, நோட்டை நிரப்பிவிட்டு மறுபடி எழுதுங்கள். ஒரு ரவுண்டுக்கு எத்தனை பந்து தொலைகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதும் ஆறேழு என்றால் டிரைவரைப் பற்றிப் பேசலாம்.